பாட்டிக்கு ஆயுசு கெட்டி!

ஒரு சின்னக் கணக்கு. மனிதனாகப் பிறந்தவனுக்கு எத்தனை பாட்டி? அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. ஆக, இரண்டு. ஆனால் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு? குறைந்தது ஆறு! தீபாவளிக்கு முதல் நாள் ஒரு பாட்டி, காணும் பொங்கலுக்கு மறுநாள் ஒரு பாட்டி, இந்தியா - பாகிஸ்தான் மேட்ச் அன்று ஒரு பாட்டி என்று வரிசையாகப் போய்ச் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். ஒரே பாட்டியை இரண்டு நிதியாண்டுகளில் இரண்டு முறை சாகடித்த கில்லாடிகளும் உண்டு.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பதினெட்டு வருஷமாக ஒரு தனியார் நிறுவனத்தில் லீவு ரிஜிஸ்தர் பார்க்கிற ஆசாமி நான். (நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் எனக்கே லீவு கொடுத்துவிடுவார்கள்... நிரந்தரமாக!) நோட்டுப் புத்தகம் போய் கம்ப்யூட்டர் வந்தது, கம்ப்யூட்டர் போய் செல்போனில் ஆப் வந்தது. லீவு கேட்க வருகிறவனின் முகம் மட்டும் மாறவே இல்லை. கைமாற்று கேட்க வந்த தூரத்து உறவுக்காரர் மாதிரி, கதவோரத்திலேயே நின்று, தலையைச் சொறிந்து, "ஸார்... ஒரு சின்ன விஷயம்..." என்று இழுப்பான்.

ஏன் இந்த இழுப்பு? ஏன் இந்தப் பொய்? லீவு என்பது முதலாளி மனமிரங்கிப் போடுகிற பிச்சை என்று நாம் நினைத்துக் கொண்டிருப்பதால்தான். பிச்சை கேட்பவன் கதை சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் சமாச்சாரம் அப்படி இல்லை ஸார். அது சட்டத்தில் அச்சடித்து வைத்திருக்கிற பாக்கி. அந்தச் சட்டம் இன்று நேற்று வந்ததும் இல்லை.

12 + 12 + 12

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. பெயரைக் கேட்டதும் கொட்டாவி வருகிறதல்லவா? வரட்டும். கொட்டாவி முடிந்ததும் பிரிவு 25-ஐ மட்டும் படியுங்கள். கடை, ஓட்டல், தியேட்டர், கம்பெனி அலுவலகம் என்று வேலை பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது மூன்று விஷயங்களைச் சொல்கிறது.

ஒன்று: ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், அடுத்த வருஷத்தில் 12 நாள் சம்பளத்தோடு விடுமுறை. எடுக்காவிட்டால் சேர்த்து வைக்கலாம், 24 நாள் வரை.

இரண்டு: உடம்புக்கு முடியாமல் போனாலோ, விபத்தில் அடிபட்டாலோ வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு லீவு.

மூன்று: 'நியாயமான எந்தக் காரணத்துக்காகவும்' வருஷத்துக்கு 12 நாள் வரை கேஷுவல் லீவு. அதுவும் சம்பளத்தோடு.

மூன்றாவதை இன்னொரு தடவை படியுங்கள். நியாயமான காரணம் என்றுதான் இருக்கிறது. சாவு என்று இல்லை! ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது நியாயம். பெண் பார்க்கப் போவது நியாயம். குழந்தையைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நிற்பது மகா நியாயம். எதற்குப் பாட்டியைத் தொந்தரவு செய்ய வேண்டும்?

இதோடு 1958-ம் வருஷத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலு நாள். பண்டிகைகளுக்கு ஐந்து நாள். மொத்தம் ஒன்பது. அந்த நாட்களில் 'அவசர வேலை, வாப்பா' என்று கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தையும் கொடுத்து, பதிலுக்கு இன்னொரு நாள் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற மூன்றாவது வழி சட்டத்தில் இல்லை. எங்கள் ஆபீஸில் மட்டும்தான் இருக்கிறது.

ஆக, 36-ம் 9-ம் 45. வாராந்தர விடுமுறை தனி. இத்தனையும் உங்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள்தான் பாஸ்புக்கைப் பிரித்துப் பார்க்காமல் இருக்கிறீர்கள்.

பட்டம் கொடுத்து லீவைப் பறிக்கும் வித்தை

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அதனால் சில இடங்களில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். சேர்ந்த மறு வருஷமே 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பையனும் அதைக் கல்யாணத் தரகரிடம் காட்டிப் பூரித்துப் போவான். அப்புறம் லீவு கேட்டால், "நீங்க மேனேஜ்மென்ட் ஆச்சே தம்பி!" என்பார்கள்.

அசந்துவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் கோர்ட்டு கார்டைப் பார்க்காது, செய்கிற வேலையைத்தான் பார்க்கும். உங்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை, யாரையும் வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ அதிகாரம் இல்லை, நாள் முழுக்க பில் போடுவதுதான் வேலை என்றால், கார்டில் 'ஜனாதிபதி' என்றே அடித்திருந்தாலும் நீங்கள் ஊழியர்தான்!

ஒரு தம்பியும் மூன்று நாளும்

எங்கள் ஆபீஸ் கதை ஒன்று சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். கணக்குப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம். சம்பளம் 16,000. ஒரு நாள் மத்தியானம் என் மேஜைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, அம்மாவுக்கு மதுரையில கண் ஆபரேஷன். மூணு நாள் போகணும். மேனேஜர் ஸார் முதல் வருஷம் லீவே கிடையாதுங்கறாரு. ப்ரொபேஷனாம். போனா சம்பளம் கட்டாம்."

மூன்று நாள் என்றால் 1,600 ரூபாய். அம்மாவுக்கு மருந்து வாங்க வைத்திருந்த பணமே அவ்வளவுதான் அவனிடம். "அக்கா மட்டும் பாத்துக்கட்டும்ணே, நான் போகல" என்றான். குரல் சரியாக இல்லை.

நான் பிரிவு 25-ஐ ஒரு தாளில் எடுத்துக் கொடுத்தேன். சம்பள விடுமுறைக்குத்தான் ஒரு வருஷம் முடிய வேண்டும். உடல்நலமின்மைக்கான லீவும் கேஷுவல் லீவும் முதல் பன்னிரண்டு மாதத்திலேயே உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ப்ரொபேஷனில் இருப்பவனுக்கு இல்லை என்று அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

பையன் நாலு வரியில் கடிதம் எழுதினான். வீர வசனம் எதுவும் இல்லை. 'அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக, பிரிவு 25-ன்படி எனக்குரிய கேஷுவல் லீவில் மூன்று நாள் எடுக்க அனுமதி வேண்டுகிறேன்.' அவ்வளவுதான். மேனேஜர் கடிதத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஆடிட்டருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஆடிட்டர் சொன்னது எங்களுக்கே கேட்டது: "கொடுத்துடுங்க ஸார், வம்பு வேணாம்."

பையன் மதுரைக்குப் போனான். கட்டைப் பிரித்ததும் அம்மா முதலில் பார்த்தது அவன் முகத்தைத்தானாம். திரும்பி வந்து சொல்லும்போது சிரித்தான், மூக்கையும் உறிஞ்சிக் கொண்டான்.

மேனேஜர் அதற்கப்புறம் ஒரு மாதம் அவனுக்குக் குட்மார்னிங் சொல்லவில்லை. எனக்கு இரண்டு மாதம். போகட்டும். ஆனால் அடுத்த மாதமே அதே அறையில் நாலு பேர் உண்மையான காரணத்தை எழுதி லீவு கேட்டார்கள். எங்கள் ஆபீஸ் பாட்டிகளின் மரண விகிதம் திடீரென்று குறைந்துபோனது!

உட்காரவும் ஒரு சட்டம்

பழைய சட்டம்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். அதில் புதுப்புதுச் சமாச்சாரங்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. 2021-ல் பிரிவு 22-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைத்தால் உட்காரலாம் என்கிறது அது. கேரளம் 2018-லேயே இப்படி ஒரு திருத்தம் கொண்டு வந்தது. துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது.

உட்காருவதற்குக்கூடவா சட்டம் என்று சிரிக்கிறவர்கள், தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு சாயங்காலம் புடவை எடுத்துப் போடுகிறவர்களின் கால்களைப் பார்க்க வேண்டும். 2010-ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு'வைப் பார்த்துவிட்டு மௌனமாக வெளியே வந்தோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கால்களுக்குத்தான் இந்த ஒரு பிரிவு. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து "கஸ்டமர் நிக்கறோம், உட்கார்ந்திருக்கியேம்மா" என்று சொல்லாமல் இருந்தால், சட்டத்தை அமல்படுத்தியதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

பத்தே நாளில் நின்றுபோன பன்னிரண்டு மணி

2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு கிடைக்குமே என்றார்கள். கேட்க இனிக்கத்தான் செய்தது. பஸ்ஸுக்குப் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கூட்டிப் பார்த்தவர்களுக்கு இனிக்கவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கியபின் வீடு திரும்புகிற வாழ்க்கை அது!

ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்றே நாளில், 24-ம் தேதி, நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். மே 1-ம் தேதி, வாபஸ் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பொருத்தமான நாள்தான். 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய ஊராயிற்றே இது! அதன் நூறாவது ஆண்டில் எட்டு மணி நேரம் மயிரிழையில் பிழைத்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சட்டம் மேலேயிருந்து தானாக இறங்கி வருவதும் இல்லை, தானாக நிற்பதும் இல்லை. கேட்கிறவர்கள் இருந்தால் நிற்கும். அவ்வளவுதான்.

மச்சினர் வீட்டு மைசூர்பாகு

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற என் மச்சினர் 2025 அக்டோபரில் ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்து நின்றார். விஷயம் வேறொன்றுமில்லை. கொரோனா காலத்தில், 2020-ல் நிறுத்தி வைக்கப்பட்ட ஈட்டிய விடுப்புச் சரண்டர் திரும்ப வந்துவிட்டது. வருஷத்துக்கு 15 நாள் லீவை அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் காசாக்கிக் கொள்ளலாம். அக்டோபர் 1 முதல் அமல்.

அரசுப் பணிப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011-ல் ஆறு மாதமாகி, 2016-ல் ஒன்பதாகி, 2021 ஜூலையிலிருந்து முழுதாக ஒரு வருஷம். தனியார் நிறுவனப் பெண்களுக்கு 2017-ல் 12 வாரம் 26 வாரமானது, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. 2025-ல் கர்நாடகம் தனியார் நிறுவனங்களையும் சேர்த்து, மாதம் ஒரு நாள் மாதவிடாய் விடுப்பு என்று உத்தரவு போட்டது.

சரி, குழந்தை பிறந்தால் அப்பனுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் உண்டு. தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. கம்பெனி தானாகப் பார்த்துக் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் உங்கள் 12 நாள் கேஷுவல் லீவில்தான் கைவைக்க வேண்டும். அதற்காகவாவது அந்தப் பன்னிரண்டைப் பத்திரமாக வைத்திருங்கள் தம்பிகளா!

புதுசாக வந்த நாலு

2025 நவம்பர் 21-ல் மத்திய அரசின் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 பழைய மத்தியச் சட்டங்களை அவை விழுங்கிவிட்டன. நம்முடைய 1947 சட்டம் மாநிலச் சட்டம், அந்த 29-ல் அது இல்லை.

தொழிற்சாலைத் தோழர்களுக்கு ஒரு நல்ல செய்தி. முன்பு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்தால்தான் சம்பளத்தோடு விடுப்பு. இப்போது 180 நாள் போதும். இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் லீவு. 30 நாள் வரை அடுத்த வருஷத்துக்குக் கொண்டு போகலாம். ராஜினாமா செய்தாலும், நீக்கினாலும், சம்பள பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்பு. "அடுத்த மாசம் வந்து பாருப்பா" என்று ஆறு மாதம் நடந்தவர்களுக்குத்தான் இந்த இரண்டு நாளின் அருமை தெரியும். நியமனக் கடிதமும் எழுத்தில் தந்தாக வேண்டும்.

எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆட்களைக் குறைக்க அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. நூறைத் தாண்டி, முன்னூறுக்குள் இருக்கிற கம்பெனிக்காரர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

பிரிவு நம்பர் தெரிந்துவிட்டது என்று நாளைக் காலை மேனேஜர் மேஜையில் ஓங்கிக் குத்தாதீர்கள். சட்டம் பேசுகிறவனைக் கண் வைத்துக் காத்திருக்கிற ஆபீஸ்களும் உண்டு. வீட்டு வாடகை, இ.எம்.ஐ., தங்கை கல்யாணம் எல்லாம் நம் தலையில்தானே இருக்கிறது? அதனால் நிதானமாக இப்படிச் செய்யலாம்:

1. லீவை எழுத்தில் கேளுங்கள். மெயிலோ, ஆப்போ, கடிதமோ. வாய்வார்த்தை காற்றோடு போகும். சம்பள விடுமுறையை எழுதிக் கேட்டு, மறுக்கப்பட்டு, பிறகு வேலையை விட்டால் அந்த நாட்களுக்கான பணம் தரப்பட வேண்டும் என்று 1947 சட்டம் சொல்கிறது. மறுத்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

2. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்துவிட்டால், தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது. பிரிவு 41. முறையான விசாரணையில் தவறு நிரூபணமானால் மட்டும் நோட்டீஸ் தேவையில்லை.

3. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. இருக்கிறதா என்று பாருங்கள். உங்களிடம் பிடிப்பது 0.75 சதவிகிதம், கம்பெனி போடுவது 3.25. நீண்ட நாள் படுத்துவிட்டால், தகுதியிருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும்.

4. 'டெம்பரரி' என்று வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்களா? 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற தொழில் நிறுவனத்தில், 24 மாதத்தில் 480 நாள் பணிபுரிந்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பது 1981-ம் வருஷத் தமிழ்நாடு சட்டம். வருகைக்கான அத்தாட்சிதான் உங்கள் ஆயுதம்.

5. பேசித் தீரவில்லை என்றால் தொழிலாளர் துறை இருக்கிறது. தலைமை அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மாவட்டங்களிலும் அதிகாரிகள் உண்டு. தனியாகப் போவதைவிட நாலு பேராகப் போனால் நல்லது. நாலு பேரையும் ஒரே நாளில் முறைக்க எந்த மேனேஜருக்கும் தெம்பு கிடையாது.

கடைசியாக ஒரு கேள்வி. இத்தனை லீவையும் எடுத்தால் கம்பெனி என்னாவது என்று கவலைப்படுகிற விசுவாசிகள் நம்மிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் ரிஜிஸ்தர் அனுபவத்தைச் சொல்கிறேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேர் லீவில் போய்விட்டு வந்தார்கள். கம்பெனி ஒரு நாளும் மூடவில்லை. லீவே எடுக்காமல் உழைத்து ரிட்டயரானவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தோம். நேரமே இல்லாமல் ஓடிய மனுஷனுக்கு, ரிட்டயரானபின் கடிகாரம்!

இப்போதே உங்கள் லீவு கணக்கை எடுத்துப் பாருங்கள். இந்த வருஷம் பாக்கி எத்தனை? அதில் ஒரு நாளை எடுத்து ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். காரணம் எழுதும் இடத்தில் 'பாட்டியைப் பார்க்க' என்று உண்மையையே போடுங்கள். பாவம், வாசல் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துக் கொண்டிருப்பாள்.